கடைசிச் சருவம்

பிரெஞ்சுப் புரட்சியை ஞானதாசன் சார் ஏழே நாளில் நடத்தி முடித்துவிடுவார். அதைவிடச் சீக்கிரம் முடிக்கிற வாத்தியார்கள் உண்டு. ஆனால் அவரைப்போல நடத்துகிறவர் நாகர்கோவில் வட்டாரத்திலேயே இல்லை என்று அவரிடம் படித்த பிள்ளைகள் சொல்வார்கள், அவரும் அதை மறுத்ததில்லை. முதல் நாள் வகுப்பில் பெஞ்சுகளை நகர்த்துவார். முன்வரிசையில் ஒரு பெஞ்சு குருமார், அடுத்த பெஞ்சு பிரபுக்கள், மிச்சமிருக்கிற நாற்பது பேரும் குடிகள். ஓட்டு ஆளுக்கு ஒன்று கிடையாது, கூட்டத்துக்கு ஒன்று. ஏழு பேர் சேர்ந்து நாற்பது பேரைத் தோற்கடிக்கும்போது பின்பெஞ்சில் எழும்பும் கூச்சலைக் கேட்டுத் தலைமையாசிரியர் ஓடிவருவார். இரண்டாம் நாள் பந்தாட்டக் கூடத்தில் சத்தியம். மூன்றாம் நாள் பாஸ்டில் கோட்டை விழும். நான்காம் நாள் சந்தைப் பெண்கள் அரசனைத் தேடி நடப்பார்கள். ஐந்தாம் நாள் அரசன் வேஷம் மாறி ஓடி அகப்படுவான். ஆறாம் நாள் டஸ்டர் மேஜைமேல் விழுகிற ஒரே அடியில் அவன் தலை போகும். ஏழாம் நாள், 'கடைசியில் ஜெயித்தது யார்?' என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் வெளியே போய்விடுவார்.

இதில் நான்காம் நாள்தான் அவருக்கு உயிர். அந்த நாளுக்காகவே வெள்ளைச் சட்டை போட்டு வருவார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் 'புரட்சி சார்' என்றுதான் பெயர். அந்தப் பெயர் காதில் விழும்போது கேட்காததுபோல் நடந்துபோவதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது.

மண்டைக்காட்டுக்கு மேற்கே ஒரு கடலோர ஊரில் அவர் பிறந்தவர். இதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. பொய்யும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் 'வெள்ளிச்சந்தை பக்கம்' என்பார். அங்கேதானே வீடு கட்டியிருக்கிறார்! பேச்சிலிருந்து கடற்கரையை ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துப் போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஊரில் மிச்சமிருந்தது அக்கா வியாகுலம்மாள் ஒருத்திதான். மீன் விற்கிறவள். புது வீட்டைச் சாமியார் மந்திரித்த அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தவள், அடுக்களைப் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டு, பள்ளிக்கூடத்து ஆட்கள் வருவதற்கு முன்னால் தானாகவே எழுந்து போய்விட்டாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

மீன்காரப் பெண்கள் காலையில் சேர்ந்து ஒரு டெம்போ பிடித்து நாகர்கோவிலுக்குப் போவார்கள். ஞானதாசன் போவது மினி பஸ்ஸில். ஒரே ரோடுதான், ஆனாலும் அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை. இந்த வருஷம் புரட்சியின் நான்காம் நாள் காலையில் அந்த டெம்போ பாதி வழியில் படுத்துவிட்டது.

வெள்ளிச்சந்தையில் முன்வாசல் வழியாக ஏறியதுமே அவர் அவளைப் பார்த்துவிட்டார். பின்வாசல் ஓரத்தில், காலுக்கிடையில் மீன் சுமக்கிற அகன்ற அலுமினியச் சருவத்தை இடுக்கிக்கொண்டு நின்றாள். அவளும் பார்த்தாள். பார்த்த கையோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருக்கு ஒரு கஷ்டமும் கொடுக்காத அந்தத் திருப்பலில் எத்தனை வருஷப் பழக்கம் இருந்தது! கணக்கு வாத்தியார் மகேஷ்குமார் முன்னாலேயே ஏறி, மூன்றாம் சீட்டில் பையை வைத்து அவருக்கு இடம் பிடித்திருந்தார். ஞானதாசன் போய் உட்கார்ந்தார். பின்னால் திரும்பவில்லை.

இரண்டு ஸ்டாப் தாண்டியதும் பின்னால் சத்தம் கிளம்பியது. கல்யாணத்துக்குப் போகிற யாரோ ஒருவர், சருவம் படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் கத்தினார். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான்.

"ஏ அம்மா, மீன் சருவம் ஏத்தப்பிடாதுன்னு தெரியாதா? எறங்கு, எறங்கு."

"டெம்போ கேடாயிப் போச்சு மக்கா. வாழையெல வச்சு, பாலித்தீன் போட்டுக் கெட்டியிருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி சிந்தாது. நாரோயில் வரைக்கும் இப்படி ஓரமா நிக்கேன்."

"ஆளுகள் எனக்க மேலல்லா சாடுகாங்க. நீ எறங்கு. கூட ஆராவது வந்திருக்காவளா? இருந்தா சருவத்தைப் பிடிச்சு எறக்கச் சொல்லு."

பஸ் நின்றுவிட்டது. என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சில நொடிகளில் ஞானதாசனுக்குச் செய்யக்கூடிய காரியங்கள் நாலைந்து இருந்தன. எழுந்திருக்கலாம். "அது எனக்க அக்கா" என்று சொல்லலாம். அதுகூட வேண்டாம், "பாவம், வரட்டும்பா" என்று யாரோ ஒரு பிரயாணிபோலச் சொல்லியிருக்கலாம். அதற்கு உறவுகூடத் தேவையில்லை, வாய் இருந்தால் போதும். அவர் முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒருத்தரும் இல்ல" என்றாள் வியாகுலம்மாள், பஸ் முழுக்கக் கேட்கும்படியாக.

மகேஷ்குமார் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "காலங்காத்தாலே இந்த நாற்றம், என்ன சார்?" என்றார். ஞானதாசன் பையில் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். நாலாக மடித்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை. அதை மூக்கில் வைத்தார். அப்படியே, எதற்கோ தெரியவில்லை, திரும்பியும் பார்த்தார். சருவத்தைப் படியில் இழுத்து இறக்கிக்கொண்டிருந்தவள் அந்த நேரம் பார்த்துத்தான் நிமிர்ந்தாள்.

பஸ் கிளம்பிவிட்டது.

மீன் விற்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. நிறைந்த சருவத்தைத் தரையிலிருந்து ஒற்றை ஆள் தலைக்கு ஏற்ற முடியாது. எதிர்ப்பக்கம் ஒரு கை வேண்டும். அதனால் கடற்கரையில் ஒருத்திக்கு ஒருத்தி பிடித்துவிடுவார்கள். பத்து வருஷமாக முகம் பார்த்துப் பேசாத சண்டைக்காரியாக இருந்தாலும், "ஒரு கை பிடி" என்று கேட்டால் பிடிக்காமல் போகக்கூடாது. தெருவில் கேட்டால் வழியே போகிறவர் பிடிக்க வேண்டும். சின்ன வயதில் தினமும் காலையில் அக்காவின் சருவத்துக்கு எதிர்ப்பக்கம் பிடித்தது ஞானதாசன்தான். பிடித்துவிட்ட பிறகுதான் பள்ளிக்கூடம் போவார். இப்போது ஆளில்லாத ஸ்டாப்பில், இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம் நிற்கிற இடத்தில், தரையில் சருவத்தோடு அவள் நிற்கிறாள் என்பது நாகர்கோவில் வரும்வரை அவருக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது. இறங்கி ஓடலாம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நினைத்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ்ஸில்தான் இருந்தார்.

ஒன்பதாம் வகுப்புக்கு முதல் பீரியட் அவருடையது. வருகைப் பதிவு எடுத்து முடித்து, பலகையில் '1789, அக்டோபர் 5' என்று எழுதினார். எழுத்து என்றும்போல நேராக விழுந்தது. அதுவே அவருக்குப் பிற்பாடு ஆச்சரியமாக இருந்தது.

கால்மணி நேரம் கழித்து வாசலில் அபினா வந்து நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. ஓடிவந்த மூச்சு இரைத்தது. சீருடையின் தோளிலிருந்து இடுப்புவரை ஈரம்.

"சார், உள்ளே வரலாமா?"

நேரம் தவறி வந்தால் அந்தப் பீரியட் முழுக்க வெளியே நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "வெளியே நில்" என்றார், முகத்தைப் பார்க்காமலே. அவள் வாசலுக்கு வெளியே சுவரோரமாக நின்றாள்.

பிறகு அவர் நடத்தினார். ரொட்டி கிடைக்காத பாரிஸ். விடிகிறபோதே தண்டோரா. ஒரு சின்னப் பெண் முரசை அடிக்கிறாள், சந்தையிலிருந்து பெண்கள் கூடுகிறார்கள். காய்கறி விற்கிறவள், துணி வெளுக்கிறவள், எல்லோருக்கும் முன்னால் மீன் விற்கிறவர்கள். கொட்டுகிற மழையில் ஆறு மணி நேரம் நடக்கிறார்கள், அரசன் இருக்கிற வெர்சாய் அரண்மனைக்கு. பாவாடையெல்லாம் சேறு. கையில் மீன் வெட்டுகிற கத்தி. அரண்மனைச் சீமாட்டிகள் ஜன்னலிலிருந்து பார்க்கிறார்கள். இந்த இடத்தில் வருஷாவருஷம் அவர் ஒரு நடிப்பு நடித்துக்காட்டுவார். பிள்ளைகள் காத்திருக்கிற இடம் அது. சீமாட்டி ஒருத்தி வாசனை தடவிய கைக்குட்டையை எடுத்து, சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு மூக்கில் வைப்பாள்.

பழக்கதோஷத்தில் கை பைக்குள் போய்விட்டது. கைக்குட்டையும் விரலில் தட்டுப்பட்டது. அவர் கையை வெளியே எடுக்கவில்லை. வகுப்பு காத்திருந்தது. முன்பெஞ்சில் இரண்டு பேர் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"அப்புறம் மறுநாள் அரசனைப் பாரிசுக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் ஞானதாசன். இருபது நிமிஷம் நடத்துகிறதை இரண்டு வரியில் சொல்லி முடித்தார்.

மணி அடிக்கும்போது அபினாவை உள்ளே கூப்பிட்டார். கிட்டே வந்ததும் சாளைமீன் வாடை அடித்தது. ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றே இருந்தார். ஆனால் தப்புச் செய்யாத பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லாமல் இருக்க முடியாது.

"சார், நீங்க வந்த பஸ்ஸிலேதான் நானும் வந்தேன். ஒரு மீன்காரம்மையை வழியிலே எறக்கி விட்டுட்டாங்க. அந்த அம்மையால ஒத்தைக்குச் சருவத்தை ஏத்த ஒக்காது. அதான் நானும் எறங்கி ஒரு கை பிடிச்சேன். அதுக்குள்ள பஸ் போயிட்டு. அடுத்த பஸ் வரத் தாமசமாச்சு."

"சரி."

"பஸ்ஸிலே அவ்வளவு ஆளு இருந்தாங்க, சார். ஒருத்தரும் ஒண்ணும் பேசல்ல." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல அவசரமாக, "நீங்க முன்னாலே இருந்தீங்க, சார். உங்களுக்குக் கேட்டிருக்காது" என்றாள்.

அவர் தப்பித்துக்கொள்ள அவளே கதவைத் திறந்து வைக்கிறாள். பதினாலு வயது. அவர்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

"ஆமாம். எனக்குக் கேட்கவில்லை" என்றார் ஞானதாசன்.

வெட்கம் என்பது முகம் சிவப்பதோடு போய்விடுகிற சமாச்சாரம் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். அன்றைக்கு அது போகவில்லை. ஆனாலும் மத்தியானம் சோறு சாப்பிட்டார், ரசம்வரைக்கும் சாப்பிட்டார். அதை நினைத்து இன்னும் அசிங்கமாக இருந்தது. சாயங்காலம் கடற்கரைக்குப் போய் அக்காவைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. போனால் என்ன சொல்வது? வீட்டுக்குப் போய்ப் பரீட்சைத் தாள் திருத்தினார்.

மறுநாள் ஐந்தாம் நாள். அரசன் ஓடுகிற நாள். பதினாறாம் லூயி வேலைக்காரன் உடுப்பு மாட்டிக்கொண்டு, குடும்பத்தோடு வண்டியில் ஏறி எல்லையைப் பார்த்துக் கிளம்புகிறான். வழியெல்லாம் நிம்மதியாகத்தான் போகிறான், இனி நம்மை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று. வேரன் என்ற சின்ன ஊரில் ஒருவன் வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறான்.

"அடையாளம் கண்டுபிடிச்சிட்டான்!" என்று பின்பெஞ்சு கத்தியது. வேறு பிரிவில் கேட்டு வைத்திருப்பார்கள்.

"கண்டுபிடித்துவிட்டான்" என்றார் ஞானதாசன். வழக்கமாக இங்கே, வேலைக்காரன் சட்டைக்குள்ளிருந்து பிதுங்கும் ராஜ தொப்பையைப் பற்றி ஒரு கேலி உண்டு. அது வாயில் வரவில்லை. சாக்பீசை மேஜையில் வைத்தார். அபினா நாலாம் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் 'வேரன்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அதே சீருடைதான். துவைத்தும் அந்தத் தோள்பட்டைக் கறை முழுசாகப் போகவில்லை.

"நேத்தைக்கு எனக்குக் கேட்டுது" என்றார்.

வகுப்புக்கு ஒன்றும் புரியவில்லை. அபினா மட்டும் நிமிர்ந்தாள்.

"பஸ்ஸிலேருந்து எறக்கிவிட்ட மீன்காரி எனக்க அக்கா. கூடப்பொறந்தவ. எனக்கு நல்லாக் கேட்டுது பிள்ளே. நான் மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்தேன். ஒன்னை வெளியே நிப்பாட்டிக்கிட்டு நான் உள்ள நின்னு மீன்காரிகளைப் பத்திப் பாடம் எடுத்தேன்."

பதினெட்டு வருஷமாகப் பொறுக்கிப்போட்ட பேச்சு அவ்வளவும் ஒரே மூச்சில் திரும்பி வந்துவிட்டது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. நாற்பத்தேழு பிள்ளைகளும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவரவர் நோட்டைப் பார்த்தார்கள். அபினாவுக்கு முகம் வாடிவிட்டது. புரட்சி சாரை அவள் இழந்த நேரம் அது. அவர் கண்முன்னால்தான் இழந்தாள். அவருக்காக அவள் வெட்கப்பட்டாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

மத்தியானத்துக்குள் விஷயம் ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டது. மகேஷ்குமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சொல்லியிருக்கலாமே சார். நான் ஒண்ணும் வித்தியாசமா நினைச்சிருக்க மாட்டேன்" என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். இத்தனை வருஷம் யாருக்குப் பயந்தோம் என்று ஞானதாசனுக்கு விளங்கவேயில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நாகர்கோவிலில் டெம்போ வந்து நிற்கிற முக்குக்குப் போனார். டெம்போ சரியாகிவிட்டிருந்தது. எட்டு பெண்கள் இறங்கினார்கள். சருவங்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, ஆளாளுக்குச் சும்மாடு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு ஒருத்தி பிடித்துவிட, ஒவ்வொருவராகத் தெருவுக்குள் போனார்கள். ஒவ்வொரு நாளும் கடைசியாக நிற்கிற ஒருத்திக்குப் பிடித்துவிட ஆள் இருக்காது. அவள் வழிப்போக்கனைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்குக் கடைசி ஆள் வியாகுலம்மாள். அவர் நிற்பதைப் பார்த்துத்தான் அவள் தன் முறையைக் கடைசிக்குத் தள்ளினாளோ, சாதாரணமாகவே அவள்தான் கடைசியோ, அவருக்குத் தெரியாது. எத்தனை வருஷமாயிற்று அவர் இதையெல்லாம் பார்த்து!

"அக்கா" என்றார்.

அவள் சும்மாட்டைத் தலையில் சரிசெய்துகொண்டிருந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"வகுப்பிலே பிள்ளைகள்கிட்டே சொல்லிட்டேன், அக்கா. நீ எனக்க அக்கான்னு."

"அப்படியா" என்றாள். ஊருக்கு மழை வந்ததாமே என்று சொன்னால் கேட்கிற மாதிரி. பிறகு சருவத்தின் மேலே கிடந்த வாழையிலையைச் சரிசெய்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு எனக்கு ஆருமே இல்லன்னு சொன்னது பொய்தான். ஒங்களுக்காவத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல இதையும் சேத்துச் சொல்லிரணும்னு மனசுல குறிச்சுக்கிட்டே படியில எறங்குனேன். அப்பதான் நீங்க அந்த வெள்ளத்துணியை எடுத்து மூக்குல வச்சீங்க. அதோட அது பொய்யில்லன்னு ஆயிப்போச்சு. நாளைக்குச் சாமியாருகிட்ட அதைச் சொல்லாண்டாம்."

அவள் ஒருநாளும் அவரை 'நீங்க' என்று சொன்னதில்லை. 'ஏலே' என்பாள், 'மக்கா' என்பாள், கோபம் வந்தால் அப்பனையும் சேர்த்துக் கூப்பிடுவாள்.

"வெயில் ஏறுகு. வீடுகளுல அடுப்புப் பத்த வச்சிருப்பாவ" என்றாள் வியாகுலம்மாள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஒருதடவை பார்த்தாள், வேறு யாராவது வருகிறார்களா என்று. வரவில்லை. குனிந்து சருவத்தின் தன் பக்கத்து விளிம்பைப் பிடித்தாள்.

"ஒரு கை பிடிங்க, சார். மூக்கைப் பொத்திக்கிட்டு ஒத்தைக் கையால பிடிச்சாலும் போதும்."

அவர் இரண்டு கையாலும் பிடித்தார். சருவம் அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இடுப்புவரை தூக்கி, நெஞ்சுவரை தூக்கி, அவள் தலைக்குக் கொண்டுபோய்ச் சும்மாட்டில் உட்கார வைத்தார். ஏற்றும்போது மீன்தண்ணீர் சரிந்து அவருடைய சட்டைக்கைக்குள் ஓடியது. அவள் ஒரு கையால் சருவத்தைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நேராக்கிக்கொண்டாள். தலையில் பாரம் ஏறிவிட்டால் திரும்பிப் பார்க்க முடியாது.

"உபகாரம், சார்" என்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள்.

பத்தடி போனதும் கூவத் தொடங்கினாள். முதல் வீட்டிலேயே ஒரு பெண் பாத்திரத்தோடு வெளியே வந்து, "அக்கா, சாளை உண்டா?" என்று கேட்டாள். இறக்கவும் ஒரு கை வேண்டுமே, அந்தப் பெண் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே வந்து பிடித்தாள். ஞானதாசன் முக்கிலேயே நின்றார். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க வேண்டும்போல இருந்தது. கைக்குட்டை பையில்தான் இருந்தது, அதை எடுக்க அவருக்குக் கை வரவில்லை.